சிங்கப்பூர் மாப்பிள்ளையின் வாய்ப்பாடு

சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குக் குடிபோன மாப்பிள்ளைக்கு எல்லாம் பழகிவிடும். ரயிலில் கார்டு தட்டுவது பழகும், டாலரை வெள்ளி என்பதுகூடப் பழகும். பெருக்கல் மட்டும் நிற்காது. ஒரு வெள்ளி 60 ரூபாய்க்கு மேல் என்பதால், தேக்கா சந்தையில் முருங்கைக்காயைக் கையில் எடுத்ததுமே உதடு முணுமுணுக்கும். விடை வந்ததும் காயை வைத்துவிட்டு, “இந்தக் காசுக்கு ஊரப்பாக்கத்துல மரத்தையே வாங்கலாம்” என்பார். முடிவெட்டப் பெருக்கல், தோசைக்குப் பெருக்கல்; கூடுதலாகக் கேட்ட சட்னிக்குத் தனிப் பெருக்கல். ஒன்றரை வெள்ளித் தேநீரை நூறு ரூபாயாக்கி, அந்த நூறு ரூபாயின் துக்கத்தோடு சொட்டு விடாமல் குடித்து முடிப்பார்.

பெருக்குவதில் தப்பில்லை, செலவோடு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு. மாப்பிள்ளை போனது எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில். 2025 ஜனவரி முதல் புதிதாக அதற்கு விண்ணப்பிக்கக் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 5,600 வெள்ளி. மாதத்துக்கு 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால், அந்தத் தேநீர் மூன்று நிமிட உழைப்புக்கும் குறைவு. ஊரப்பாக்கத்தில் 30,000 ரூபாய்ச் சம்பளக்காரர் 15 ரூபாய்த் தேநீருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் உழைக்கிறார். சிங்கப்பூரில் குழாயில் பிடித்து அப்படியே குடிக்கும் தண்ணீரும் மாப்பிள்ளையின் கணக்கில் வராது. இங்கே அதற்குக் கேன் போடச் சொல்ல வேண்டும். அங்கே வீட்டு வாடகையும் காரும் நிஜமாகவே கொள்ளை விலைதான். கார் வைத்துக்கொள்ளும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழே லட்சம் வெள்ளியைத் தாண்டிய தீவு அது. அதைப் பெருக்கிப் பார்த்துத் தலைசுற்றினால் குற்றம் சொல்ல மாட்டேன்.

வெளிநாட்டில் இருப்பவன் சிக்கனமாக இருக்க வேண்டாமா என்பார்கள். கடன் வாங்கிப் போய், விடுதியில் தங்கிக் கட்டட வேலை பார்க்கிற தொழிலாளி பெருக்கினால் அது நியாயம். அவருடைய கடனும் குடும்பமும் ரூபாயில் இருக்கின்றன. மாப்பிள்ளைக்கு மளிகை, வாடகை, பிள்ளையின் பள்ளி எல்லாமே வெள்ளியில். புதிதில் எல்லோரும் அப்படித்தான் என்றால், முதல் வருஷத்துக்கு ஒப்புக்கொள்ளலாம், நிரந்தரவாசம் வாங்கியவருக்குமா? பெருக்கலை விட்டால் ஊரும் விட்டுப்போகும் என்று பயப்படுகிறாரோ என்னவோ. அப்படியானால் பாவம்தான்.

ஆனால் அந்தப் பரிதாபம் அவர் விடுமுறைக்கு வந்திறங்கும்வரைதான். இங்கே வாய்ப்பாடு வகுத்தலாகிவிடும். பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டால் “அஞ்சு வெள்ளிகூட ஆகல” என்று நீட்டுவார். முருங்கைக்காய்க்கு அழுதவர், மனைக்குச் சொன்ன விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கேட்க மாட்டார். மனை விலையை ஏற்றியது 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் திறந்த பேருந்து முனையம், மாப்பிள்ளை என்ன செய்வார் என்று கேட்கலாம். முனையம் ஏற்றியது உண்மை. ஆனால் பேரம் பேசாமல் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன விலைதான் மறுநாள் அந்தத் தெருவுக்கே விலை. அதை ரூபாயில் சம்பாதிப்பவர்கள்தான் வங்கிக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். வீட்டில் சிங்கப்பூர் மாப்பிள்ளை இருப்பவர்கள், தயவுசெய்து மனை பார்க்கப் போகும்போது அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.