ஆட்டுக்காலும் முழங்காலும்

கேள்வி: ஆட்டுக்கால் சூப் அருந்தினால் தேய்ந்த முழங்கால் குருத்தெலும்பு மீண்டும் வளருமா?
(ஒரு வாசகி, ஐரோலி, நவி மும்பை)

பதில்: ஆட்டின் கால், நமது ஜீரணத்தில் தன் ரூபம் இழந்து அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடுகிறபடியால், நேரே நடந்து சென்று நம் முழங்காலில் குடியேறிவிடாது. குருத்தெலும்புக்கு ஆதாரமான கொலாஜன் என்னும் புரதம், மூன்று இழைகள் முறுக்கேறிய கயிறு போன்ற அமைப்புடையதென்று 1954, 1955 ஆம் ஆண்டுகளில் உலகுக்கு உணர்த்தியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். ரத்த நாளங்களற்ற குருத்தெலும்போ, மூட்டு அசையுந்தோறும் ஊறிப் பரவும் திரவத்தினின்றே பெரிதும் போஷணை பெறுவது. ஆகையால் சூப்பை ருசிக்காக அருந்துங்கள். வலி நீடித்தால் வைத்தியரை நாடுங்கள். ஐரோலிக் கழிமுகத்துப் பூநாரைகள் ஒற்றைக் காலில் நிற்கட்டும், தாங்கள் இரு கால்களாலும் இயன்றவரை தினமும் நடவுங்கள்.