உயிரோடு இருக்கிறேன், இதே முகவரியில்

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உட்கார்ந்து, அடுத்தவர் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ‘இணைப்பு 3 காணப்படவில்லை’, ‘நகலில் சான்றொப்பம் இல்லை’, ‘தேதியில் அடித்தல் திருத்தல்’ என்று நான் திருப்பி அனுப்பிய கோப்புகளை அடுக்கினால் கோட்டைக் கொடிமரத்தைத் தொடும். ஆகவே, ஓய்வுக்காலத்தைத் தாய்லாந்தில் கழிக்கலாம் என்று நானும் மனைவியும் முடிவெடுத்தபோது, காகித வேலையை நினைத்து எனக்குத் துளியும் பயம் வரவில்லை. இன்னொரு நாட்டுக் குமாஸ்தாக்கள் எந்த அழகில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பார்க்கும் ஆவல்தான் இருந்தது.

ஏன் தாய்லாந்து என்று கேட்காத உறவினர் இல்லை. சென்னையிலிருந்து விமானத்தில் மூன்றரை மணி நேரம். பஸ்ஸில் மதுரைக்குப் போவதைவிடச் சீக்கிரம். சோறு, தேங்காய், மாம்பழம், புழுக்கம் எல்லாம் நம் ஊர் மாதிரியே. அதோடு, 50 வயது நிரம்பிய வெளிநாட்டவர் ஓய்வெடுப்பதற்கென்றே அங்கே தனியாக ஓர் அனுமதி இருக்கிறது. அதுவரை என் வயதைக் கேட்ட எந்த நிறுவனமும் பிரீமியத்தை ஏற்றாமல் விட்டதில்லை. வயதைக் கேட்டு ‘வாருங்கள்’ என்று சொன்ன முதல் இடம் இதுதான்.

அனுமதி எனக்கு, மனைவி என்னைச் சார்ந்தவராக வரலாம். ஆனால், அவர் என் மனைவிதான் என்பதற்குச் சான்று வேண்டும். எங்கள் கல்யாணம் 1980களின் தொடக்கத்தில் மாம்பலத்துச் சத்திரம் ஒன்றில் நடந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட ‘ரிஜிஸ்டர் பண்ணியாச்சா?’ என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானதே 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். ஆக, அறுபதைத் தாண்டிய பிறகு இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போய், வீட்டுக்குத் தெரியாமல் வந்திருந்த ஜோடிகளுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்திலிருந்த பெண் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வீட்லயும் ஒத்துக்கலையா பாட்டி?” என்று கேட்டாள்.

பழுத்துப்போன பத்திரிகையையும் கறுப்பு வெள்ளைப் படத்தையும் நீட்டினோம். அலுவலர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “இது நீங்கதானா சார்?”

நான் வாய் திறப்பதற்குள், “எனக்கும் ரொம்ப நாளா அதே சந்தேகம்தான்” என்றார் மனைவி.

சான்றிதழ் வந்தது. அது பிறகு வெளியுறவு அமைச்சகம், தாய்லாந்துத் தூதரகம், தாய் மொழிபெயர்ப்பாளர் என்று முத்திரை வாங்கிக்கொண்டே சுற்றியது. தேனிலவு என்று நாங்கள் எங்கேயும் போனதில்லை. எங்கள் கல்யாணச் சான்றிதழ் போய்வந்துவிட்டது.

அடுத்தது பணம். தாய்லாந்து வங்கிக் கணக்கில் 8,00,000 பாட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இரண்டாவதை எட்டிப் பார்க்க என் ஓய்வூதியத்துக்கு உயரம் போதாது. முதலாவது, நம் கணக்கில் இருபது லட்ச ரூபாய்க்கு மேல். விண்ணப்பிப்பதற்கு முன் இரண்டு மாதம் அது அசையாமல் கிடக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடக்கூடாது. அதற்கப்புறமும் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது. புதுப்பிக்கும் நேரம் நெருங்கும்போது மறுபடி முழுத் தொகையும் வந்து நிற்க வேண்டும். சம்பந்தி வீட்டார் முன்னால் பரப்பிவைத்த சீர்வரிசை மாதிரி, பார்ப்பதற்கு மட்டுமே உரிய பணம் அது.

“நம்ம பணம்தானே? அதுல ஒரு வாஷிங் மெஷின் வாங்கக்கூடாதா?” என்றார் மனைவி.

“வாங்கலாம். எந்த மாசத்துல வாங்கலாம்னு சட்டத்தைப் பார்த்துச் சொல்றேன்.”

நாங்கள் குடியேறிய ஊரின் இமிக்ரேஷன் ஆபீஸுக்குள் முதன்முதலாக நுழைந்தபோது என் நெஞ்சு நிறைந்துவிட்டது. டோக்கன் உண்டு, நாற்காலி வரிசை உண்டு, எட்டி நடந்தால் ஜெராக்ஸ் கடை உண்டு. ஜெராக்ஸ் கடையில் நிற்கும் கூட்டத்தை வைத்தே ஓர் அரசு அலுவலகத்தின் தரத்தைச் சொல்லிவிடுவேன். இது முதல் தரம். படிவங்களுக்கெல்லாம் எண் வேறு. ஓராண்டு நீட்டிப்புக்கு டிஎம் 7, வெளியே போய்த் திரும்ப டிஎம் 8, வீட்டுச் சொந்தக்காரர் தகவல் கொடுக்க டிஎம் 30, 90 நாள் அறிவிப்புக்கு டிஎம் 47. படிவத்துக்கு எண் இருக்கிறதென்றால் அங்கே நாகரிகம் தழைத்திருக்கிறது என்று பொருள்.

நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாட். புகைப்படம் 4-க்கு 6 சென்டிமீட்டர். வங்கிக் கடிதம் புத்தம் புதிதாக இருக்க வேண்டும். பாஸ்புக்கில் அன்றைய தேதிக்கு வரவு பதிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு நகலிலும் கையெழுத்து, அதுவும் நீல மையில். நம் ஊரில் பச்சை மைப் பேனா வைத்திருந்தவர் கெஸட்டட் அதிகாரி. அந்தப் பச்சைக் கையெழுத்துக்காக எத்தனை பேரை நான் ஓடவிட்டிருக்கிறேன்! இங்கே என் நகலுக்கு நானே அதிகாரி. முதல் கையெழுத்தில் மீசை துடித்தது. கடைசிக் கையெழுத்தில் என் பெயருக்கு எத்தனை எழுத்து என்பதே மறந்துவிட்டது.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எனக்கு அப்பா பெயர். மனைவிக்கு என் பெயர். கணவன் மனைவிக்கு ஏன் ஒரே குடும்பப் பெயர் இல்லை என்று கவுன்ட்டரில் இருந்த அம்மா கேட்டார். இனிஷியலின் தத்துவத்தை விளக்கினேன். கூடவே, “உங்கள் நாட்டிலும் 1913இல் ஆறாம் ராமா மன்னர் சட்டம் போடும்வரை குடும்பப் பெயர் கிடையாதே! அவரே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு யோசித்துப் பெயர் வைத்துக் கொடுத்தாரே!” என்று படித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன்.

அந்த அம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். “உங்கள் ராஜா இன்னும் வைத்துக் கொடுக்கவில்லையா?”

வீட்டுக்கு வழி காட்டும் படம் ஒன்றும் வரைந்து தரச் சொன்னார்கள். நம் வழக்கப்படி தெருமுனைக் கடையிலிருந்து தொடங்கினேன். அங்கே எந்த முனையைப் பார்த்தாலும் செவன்-லெவன். அதை அடையாளமாகப் போட்டால் எங்கள் வீடு ஊர் முழுக்க இருக்கும். மனைவி பேனாவைப் பிடுங்கி, புத்தர் கோயில் வாசலில் எந்நேரமும் படுத்திருக்கும் மூன்று நாய்களை வரைந்தார். “ஓ, அங்கேயா!” என்று சொல்லி முத்திரை குத்திவிட்டார் அந்த அம்மா. ரசீதில் பௌத்த ஆண்டு. நமது 2025 அவர்களுக்கு 2568. அதை வாட்ஸாப்பில் பார்த்த மைத்துனர், “அத்திம்பேர், 543 வருஷத்துக்குச் சேர்த்தே வாங்கிட்டேளா?” என்று கேட்டார்.

அனுமதி கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்க்காதவர்கள். வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுச் சொந்தக்காரர் தகவல் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் பிள்ளை பிறந்ததைத் தெரிவிக்கவே 21 நாள் கொடுக்கிறார்கள். பிறகு 90 நாளுக்கு ஒரு முறை, ‘இதே முகவரியில்தான் இருக்கிறேன்’ என்று நானே அறிவிக்க வேண்டும். 15 நாள் முன்னதாகவும் சொல்லலாம், 7 நாள் பின்னதாகவும் சொல்லலாம். அதையும் தாண்டினால் 2,000 பாட் அபராதம். நான் எங்கே இருக்கிறேன் என்பதில் இத்தனை அக்கறை என் பெற்ற பிள்ளைகளுக்குக்கூடக் கிடையாது.

ஓய்வூதியம் தரும் இந்திய அரசுக்கு வேறு கவலை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று நவம்பர்தோறும் அதற்கு வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் வங்கிக்குப் போய் மேனேஜர் முன்னால் உயிரோடு நிற்க வேண்டும். 2014இல் ஜீவன் பிரமாண் வந்தது. இப்போது கைபேசிக்கு முகத்தைக் காட்டி, அது சொல்லும்போது கண்ணைச் சிமிட்டினால் போதும். இறந்தவன் சிமிட்ட மாட்டான் என்பது அரசின் கணிப்பு. பணியில் இருந்த காலத்தில் என் பிரிவில் சிலரை மதியம் மூன்று மணிக்கு மேல் பார்த்தவன் என்ற முறையில், சிமிட்டாதவரெல்லாம் இறந்தவர் என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம் என்பேன்.

நவம்பரில் பேத்தியைப் பார்க்கச் சென்னை போவோம். சிமிட்டலையும் அங்கேயே முடித்துக்கொள்வேன். ஆனால், கிளம்புவதற்கு முன் 1,000 பாட் கட்டி மறுநுழைவு அனுமதி வாங்கியாக வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால் தாய்லாந்தில் தங்கும் அனுமதி அத்தோடு காலி. சாகவில்லை என்று ஒரு நாட்டுக்குக் காட்டப் போனால், இன்னொரு நாட்டில் என் அனுமதி செத்துப்போகும். பத்திரமாகத் திரும்பி வந்தாலோ, 90 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஓர் அரசு நான் இருக்கிறேனா என்று கேட்கிறது. இன்னொன்று எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறது. எப்படி இருக்கிறேன் என்று கேட்க இரண்டு பேரிடமும் படிவம் இல்லை.

போன முறை கவுன்ட்டர் அம்மா தன் கதையைச் சொன்னார். அவருக்கு 60 வயது நிறைகிறதாம். செப்டம்பர் 30ஆம் தேதி ஓய்வு. புத்தகயாவுக்குப் போய் அங்கேயே சில வருடம் தங்கிவிட ஆசை. “இந்தியாவில் ஓய்வு விசாவுக்கு வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்?”

“எங்கள் நாட்டில் அப்படி ஒரு விசாவே கிடையாது. சுற்றுலா விசாவில் வந்து போகலாம்” என்றேன்.

“அப்படியானால் படிவம்?”

“கிடையாது.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “படிவமே இல்லாத இடத்தில் எப்படி நிம்மதியாக ஓய்வெடுப்பது?”

ஒரே துறைக்காரன் என்பதால் அந்த வேதனை எனக்கு நன்றாகப் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் இந்திய அரசுக்கு அனுப்புவதற்காக, ஓய்வு விசாவுக்கு ஒரு மாதிரிப் படிவத்தை நானே தயாரிக்க உட்கார்ந்துவிட்டேன். இரு பக்கம், ஒன்பது இணைப்பு. உலகத்தில் யாரும் கேட்காத கேள்வியாக, கடைசிக் கட்டத்தில் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று சேர்த்தேன்.

மனைவி வாங்கிப் படித்தார். முகம் கொஞ்சம் இளகியது. “பரவாயில்லையே, நல்ல கேள்வி. இதுக்குப் பக்கத்துல என்ன நட்சத்திரக் குறி?”

“பதில் ‘சௌக்கியம்’னா டாக்டர் சான்றிதழ் இணைக்கணும். அசல் ஒண்ணு, நகல் ரெண்டு.”