மன்னிப்புக்கு எத்தனை பக்கம்?

எண்பதுகளில் மாயவரம் மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில் காத்திருக்க வேண்டும். முன்பணம் கட்டிச் சேர்ந்தால், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. எல்லாப் புத்தகங்களுக்கும் பழுப்புத்தாள் அட்டை, முதுகில் துளைபோட்டுத் தைத்த முரட்டு நூல், உள்ளே ஊதா ரப்பர் ஸ்டாம்ப். காதல், குடும்ப நாவல்கள் எழுதிய லக்ஷ்மி, அனுத்தமா, சிவசங்கரி, இந்துமதி, வாஸந்தி, அனுராதா ரமணன் எல்லாருக்கும் சேர்த்து இரண்டு தட்டு. ரமணிசந்திரனுக்குத் தனித் தட்டு. அது பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். திரும்பி வந்த புத்தகம் தட்டுக்குப் போகாமலே அடுத்த கைக்குப் போய்விடும்.

அந்தப் புத்தகங்களில் கதையைத் தவிர இன்னொன்றும் இருந்தது. தலைப்புகளில் நிலவும் தென்றலும் மலரும் மாறி மாறி வருமாகையால், படித்ததா படிக்காததா என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு வாசகியும் தனக்கென்று ஓர் அடையாளம் வைத்திருந்தாள். ஒருத்தி ஏதோ ஒரு பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவாள். ஒருத்தி கடைசிப் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தைக் கிறுக்கிவைப்பாள். என் அம்மாவின் அடையாளம், இருபத்தோராம் பக்க எண்ணுக்கு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி. பென்சில் கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? கதாநாயகன் கதாநாயகியைப் பணத்துக்காக வந்தவள் என்று ஏசும் பக்கத்தின் ஓரத்தில், குண்டு குண்டான எழுத்தில் 'இவனை அறையணும்' என்று இருக்கும். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் 'ரெண்டு அறை'. இன்னொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், 'இவ்வளவு சீக்கிரம் மன்னிச்சிருக்கக் கூடாது' என்று ஒருத்தி எழுதிவைத்திருந்தாள். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் நாவல் பற்றி நான் படித்த விமரிசனங்களில் மனதில் நிற்கும் ஒன்று அது.

இலக்கியம் பேசுகிறவர்கள் இந்த வகை நாவல்களை ஒதுக்குவதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். படிக்கிற பெண்கள் எழுதியிருப்பதை அப்படியே நம்பி, கனவில் மிதந்து, வாழ்க்கையைக் கோட்டை விடுகிறார்களாம். நான் இதை ஏற்றுக்கொண்டதே இல்லை. மாயவரத்துப் பென்சில் எழுத்துகளைப் பார்த்த யாரும் ஏற்க மாட்டார்கள். அந்தப் பெண்கள் கதையை விரும்பினார்கள். கதாநாயகனை நிறுத்திவைத்துக் கேள்வியும் கேட்டார்கள். இரண்டும் ஒரே மூச்சில் நடந்தது.

அன்றைய மாத நாவல்களின் வழக்கமான கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவன் பணக்காரன், கோபக்காரன். எஸ்டேட்டோ மில்லோ இருக்கும். அவள் படித்தவள், குடும்பம் நொடித்துப்போனதால் வேலைக்கு வந்தவள். யாரோ சொன்ன பொய்யை நம்பி அவன் அவளைச் சந்தேகப்படுகிறான். சந்தர்ப்பம் இருவரையும் மணமேடையில் உட்கார்த்திவிடுகிறது. அப்புறம் நூறு பக்கத்துக்குக் குத்தல், ஏளனம், மௌனம். நடுவில் அவளுக்குக் காய்ச்சல் வரும், அவன் இரவெல்லாம் கண்விழித்திருப்பான். கடைசியில் உண்மை வெளிப்படும். அவன் கலங்குவான். அவள் அவன் வாயைப் பொத்திவிடுவாள். முற்றும்.

இந்தக் கதையை ஏன் அத்தனை பேர் அத்தனை தடவை படித்தோம் என்று பல காலம் யோசித்திருக்கிறேன். பதில் பயத்தில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெண் பார்க்க வந்தவனை அன்றைய பெண் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்திருப்பாள். அடுத்து அவனைப் பார்ப்பது மணவறையில். அவனுக்குக் கோபம் வருமா, கை நீளுமா, குடிப்பானா, யாருக்கும் தெரியாது. விசாரித்ததில் நல்ல பையன் என்றார்கள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பெண்ணுக்கு இந்த நாவல் ஒரு சேதி சொன்னது: அவன் கோபத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், காரணம் தெரிந்தால் கோபம் போய்விடும். ரமணிசந்திரன் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, அத்தனையும் ஓடியதென்றால், அந்தச் சேதிக்கு அவ்வளவு தேவை இருந்தது. அதே பயத்தைச் சர்க்கரை தடவாமல் எழுதியவர் சிவசங்கரி. அவருடைய '47 நாட்கள்' கதையில் வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே அங்கே ஒரு மனைவி இருக்கிறாள். தாலி கட்டிக்கொண்டு போன பெண்ணுக்கு அந்த ஊர் பாஷையும் தெரியாது. 1981இல் பாலசந்தர் அதைப் படமாக எடுத்தார். படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி எங்கள் தெருப் பெண்கள் திண்ணையில் பேசியது கதையைப் பற்றியே இல்லை. தங்களுக்குத் தெரிந்த பெண்களைப் பற்றி.

ஆகவே கோபக்காரக் கதாநாயகன் இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. காதல் கதைக்கு முரண்டு வேண்டும். என் கணக்கு வேறு. அவன் அவளைப் புண்படுத்தியது எத்தனை பக்கம், மன்னிப்புக் கேட்டது எத்தனை பக்கம்? இதை வைத்துத்தான் ஒரு காதல் நாவலை நான் எடைபோடுகிறேன். நூறு பக்கத்துக்கு நோகடித்துவிட்டு அரைப் பக்கத்தில் கண் கலங்கினால், அந்த எழுத்தாளருக்குக் காயத்தின் மேல் இருந்த அக்கறை ஆறுதலின் மேல் இல்லை என்று அர்த்தம். அவள் வாயைப் பொத்துகிறாளே, அந்த இடத்தில் நாவல் உண்மையில் அவனைப் பொறுப்பிலிருந்து தப்பவிடுகிறது. அவன் என்ன சொல்ல வந்தான்? எதற்காக வருந்துகிறான்? எந்த வார்த்தைக்காக, எந்த நாளுக்காக? நாம் கேட்க வேண்டிய பேச்சு அதுதான், அதுதான் கிடைப்பதில்லை.

கிடைக்கும் இடங்களும் உண்டு. லக்ஷ்மியை எடுத்துக்கொள்ளுங்கள். திரிபுரசுந்தரி என்ற டாக்டர். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். அவருடைய 'பெண் மனம்' தான் 1963இல் 'இருவர் உள்ளம்' என்று சிவாஜியும் சரோஜாதேவியும் நடித்த படமானது. பெண்களிடம் விளையாடித் திரிந்த பணக்காரன், பாடம் சொல்லித்தர வந்தவளை விரும்பிக் கல்யாணமும் செய்துகொள்கிறான். நிர்ப்பந்தத்தில் கழுத்தை நீட்டியவள் அவனை ஏற்பதில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் மாத நாவலின் அதே சட்டகம். ஆனால் இங்கே மாற வேண்டியவன் அவன். நிரூபிக்க வேண்டியவன் அவன். காத்திருக்க வேண்டியவனும் அவன். அவளுடைய வெறுப்பு நியாயமானது என்று கதை ஒப்புக்கொள்கிறது. கதை முழுக்கவே ஒரு நீண்ட மன்னிப்பு. பின்னால் வந்தவர்கள் சட்டகத்தை எடுத்துக்கொண்டு இதை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

தி. ஜானகிராமனின் 'மோக முள்'ளைக் காதல் நாவல் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். பாபு தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை விரும்புகிறான், அவள் மறுக்கிறாள். இதைவிடச் சுத்தமான காதல் கதை எது? அந்த மறுப்பை ஜானகிராமன் தாண்டி ஓடுவதில்லை. வருஷக்கணக்கில் அதற்கு இடம் கொடுக்கிறார். கும்பகோணத்தில் அவள் வரன்கள் ஒவ்வொன்றாய்த் தட்டிப்போவதையும், வீட்டில் வறுமை நுழைவதையும் நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அவள் கடைசியில் சம்மதிக்கும்போது அதன் விலை என்ன என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. ஜெயகாந்தன் இன்னும் கறாரானவர். 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் கங்காவுக்கு இழைத்த தீங்குக்காகப் பிரபு படும் வருத்தம் உண்மையானது. கங்காவுக்கு அவனிடம் ஒட்டுதலும் வருகிறது. இருந்தும் அவர் இருவருக்கும் மாலை எடுத்துக் கொடுப்பதில்லை. வருத்தப்படுவதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்று அத்தனை லட்சம் பத்திரிகை வாசகர்களிடம் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

அழவைக்கும் நாவல்களைப் பற்றியும் எனக்கு ஒரு கட்சி உண்டு. கடைசி அத்தியாயத்தில் திடீரென்று புற்றுநோய் வந்தால் என் கண்ணில் நீர் வராது, எரிச்சல்தான் வரும். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' அப்படியில்லை. மணிவண்ணன் என்ற புனைபெயரில் 'கல்கி'யில் அவர் எழுதிய தொடர். கதாநாயகன் அரவிந்தன் இறந்தபோது ஊரே அழுதது; பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்தது. எங்கள் தெருவிலேயே ஒரு பூரணி அக்கா இருந்தார். அரவிந்தன் இன்று படிக்கையில் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்தவனாகத் தெரிகிறான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் பூரணியை ஒரு வார்த்தை இளக்காரமாகப் பேசுவதில்லை. அவள் அறிவை மதிப்பதில் தொடங்கிய காதல் அது. அந்த அழுகை சம்பாதித்த அழுகை.

அந்தக் காலத்தில் அம்மா இந்தப் புத்தகங்களை எனக்குத் தெரியாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் வைப்பார். "கல்யாணமாகாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்குடி?" என்பார். அவருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆனபிறகும் எதற்கு என்று நான் கேட்டதில்லை. இன்று அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பார்வை மங்கிப்போய் அச்செழுத்து படிக்க முடிவதில்லை. யூடியூபில் ஆடியோ நாவல் கேட்கிறார். காலையில் குளித்து வந்ததும் போனைப் பூஜையலமாரிக்குக் கீழே சாய்த்துவைத்துவிட்டு, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். சத்தம் வாசல்வரை வரும். யாருக்கும் ஒளிக்கவேண்டியதில்லை இப்போது. காதலனின் வசனத்தை ஒரு பெண்குரல் படிக்க, பால் பாக்கெட் போட வந்த பையன் ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போகிறான். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "இங்க பாருடி, இவன் இன்னமும் அவகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கல. கதை முடியப்போகுது" என்றார். அதே கதையை அவர் எண்பதுகளிலேயே படித்திருக்கிறார். அப்போதும் இது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. மகளிடம் பேசக்கூடாத விஷயமாக இருந்தது அது.

எனக்குப் பின்வந்தவர்கள் போனில் படிக்கிறார்கள், போனிலேயே எழுதுகிறார்கள். பிரதிலிபி என்ற கதைத்தளம் வந்தது 2014இல். கிண்டிலில் யார் வேண்டுமானாலும் சொந்தமாக வெளியிடலாம். வீட்டுவேலை முடித்து ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு எபிசோடு ஏற்றிவிட்டுப் படுக்கிற பெண்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். பதிப்பாளர் தயவு, பத்திரிகையாசிரியர் தயவு எதுவும் வேண்டாம். இது எனக்கு மிகுந்த சந்தோஷம் தருகிறது. விவாகரத்தான பெண்ணுக்கு இரண்டாவது காதல், மாமியாரும் மருமகளும் சேர்ந்து நடத்தும் கேட்டரிங், சமைக்கத் தெரிந்த கணவன் என்று அன்று எழுத முடியாததெல்லாம் இன்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள்.

அதே இடத்தில் ஆன்டி ஹீரோ கதைகளும் குவிகின்றன. முதல் எபிசோடிலேயே கன்னத்தில் அறைகிறான். கடத்திக்கொண்டு போய்த் தாலி கட்டுகிறான். அன்றைய எஸ்டேட்காரன் வாயால் மட்டுந்தான் நோகடித்தான். இன்றைய கம்பெனி முதலாளி கையும் ஓங்குகிறான். இத்தனைக்கும் இப்போது நிச்சயமான பெண்ணும் பையனும் கல்யாணத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் பேசிப் பழகுகிறார்கள். முகம் தெரியாதவன் என்ற பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை போலிருக்கிறது. நன்றாகப் பேசுகிறவன் நாளைக்கு எப்படி மாறுவான் என்ற பயமாக அது உருமாறியிருக்கிறது. அந்தப் பயத்தை எழுதுவது நியாயமே. அடியைக் காதலின் அளவாகக் காட்டுவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. பத்தொன்பது வயசுப் பெண் அதைப் படிக்கிறாள். அவள் விழுங்கிவிடுவாள் என்று நான் பயப்படவில்லை. பென்சில்காரிகளின் பேத்தி அவள். ஆனால் அவளுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்க வேண்டும்.

என் தங்கை மகள் ஒரு தொடர் எழுதுகிறாள். எழுத்து ஓடுகிற எழுத்து. வசனம் நன்றாக வருகிறது. அவள் கதாநாயகனும் சந்தேகக்காரன்தான். முப்பது எபிசோடுக்கு மேல் போய்விட்டது, முடிக்கும் கட்டம். "பெரியம்மா, கடைசியா சாரி சொல்ற சீன் எழுதிட்டேன், படிச்சுப் பாருங்க" என்று அனுப்பினாள். மொட்டைமாடி, மழை, அவன் குரல் உடைகிறது, அவள் அணைத்துக்கொள்கிறாள். உட்கார்ந்து பழைய எபிசோடுகளைப் புரட்டினேன். அவளைத் திருடி என்று அவன் சொன்னது கூடத்தில், அவன் அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், சமையல்கார அம்மா எல்லாரும் பார்க்க.

போன் போட்டேன். "சீன் நல்லாருக்குடா கண்ணு. ஆனா மாடியில வேணாம். கூடத்துல வை. அன்னிக்கு யார் யார் நின்னாங்களோ, அத்தனை பேரும் நிக்கட்டும். அந்தச் சமையல்கார அம்மாவும்."

"ஐயோ, ரொமான்ஸ் போயிடும் பெரியம்மா."

"எழுதிப் பாரு. அவன் வாயை அவ பொத்தக் கூடாது, அது மட்டும் ஞாபகம் வச்சுக்க. அவன் முழுசாப் பேசட்டும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, அக்கா வீட்டுக்காரர் இப்போது துபாயில் இருப்பதாகப் போன வாரம் எழுதிவிட்டாளாம், அவரை எப்படிக் கூடத்துக்குக் கொண்டுவருவது என்று கேட்டாள். லீவில் வரட்டும் என்றேன்.