சுர்க்கி பாணி

கேள்வி: சென்னைக்கு இந்தோ-சாரசனிக், காரைக்குடிக்குச் செட்டிநாட்டு வீடு. எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு என்ன இருக்கிறது சார்?
– வாசகர், சின்னமனூர்

பதில்: உத்தமபாளையம் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் வட்டெழுத்தோடு அணிவகுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலேயே பூலாநந்தீசுவரர் கோயில். போடியில் ஜமீன் அரண்மனை. ஆனாலும் என் ஓட்டு பெரியாறு அணைக்குத்தான். சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் குவிமாடம் எழும்பிய அதே காலத்தில் (1892-ல் திறப்பு), பொறியாளர் பென்னிகுவிக் காட்டாற்றின் குறுக்கே சுண்ணாம்பும் சுர்க்கியும், அதாவது செங்கல் பொடியும், குழைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார். 1895-ல் அணை தயார். அலங்காரம் மருந்துக்கும் கிடையாது. சுவர் நிற்பது கேரளத்தில்; கட்டியவர் படம் தொங்குவது நம் வீட்டுக் கூடத்தில். சென்னைக்காரர் யாராவது பீற்றிக்கொண்டால் சொல்லுங்கள்: 'உங்கள் கட்டடத்தில் உயர் நீதிமன்றம்தான் நடக்கிறது. எங்கள் கட்டடம் 2014-ல் உச்ச நீதிமன்றத்துக்கே போய் நீர்மட்டத்துக்கு 142 அடி வாங்கி வந்தது!'