ஸ்கஸி வேஷம்

லினக்ஸில் வட்டை இணைக்க ஐடிஇ உசத்தியா, ஸ்கஸி உசத்தியா என்று ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களை, லினக்ஸின் உட்கருவான கர்னலே கேலி செய்துவிட்டது. ஐடிஇயின் வாரிசாக மலிவான சாட்டா வட்டு வந்ததும், லிப்ஏடிஏ என்ற நிரல்தொகுதி அதற்கு ஸ்கஸி வேஷம் கட்டி, 'எச்டிஏ' என்றிருந்த வட்டின் பெயரை 'எஸ்டிஏ' ஆக்கியது. பென்டிரைவுக்கும் அதே பட்டம்தான்! கட்டளைகளை வரிசையில் வாங்கித் தோதான ஒழுங்கில் முடிப்பது ஸ்கஸிக்கே உரிய வித்தை என்பார்கள். ஒருகாலத்தில் சரி, பிறகு சாட்டாவும் என்சிக்யூ என்ற வசதி வழியே 32 கட்டளைகளை வரிசைகட்டப் பழகிக்கொண்டது. வேகமா? மூன்றாம் தலைமுறை சாட்டா வினாடிக்கு 600 மெகாபைட்டுக்குத் தயார். சாதாரணச் சுழல்வட்டோ அதில் பாதிக்கே மூச்சு வாங்குகிறது. எட்டுவழிச் சாலையில் மாட்டுவண்டி. கடைசியில், பழைய ஐடிஇ இயக்கிகளை 2021இல், 5.14ஆம் பதிப்பில், கர்னலிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.