மௌனம் இங்கே முழுச் சம்மதம்

உல்ம், ஜெர்மனி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஜிம்மிலிருந்து விலகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போனில் சொன்னதற்கு, "போகாம நின்னுட்டா தீர்ந்துச்சு, இதுக்கு எதுக்குடா லெட்டரு?" என்று கேட்டீர்கள். லைன் சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். அதற்கான பதில் போனில் அடங்காது.

நம்ம தென்காசி ஜிம்மில் மாசாமாசம் பணம். கட்டினால் வருகிறான், கட்டாவிட்டால் நின்றுவிட்டான், அவ்வளவுதான் கணக்கு. வழியில் மாஸ்டர் எதிர்ப்பட்டால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டால் போதும். உல்முக்கு வருமுன் ஸ்டுட்கார்ட்டில் நான் போட்ட கையெழுத்தோ 24 மாதத்துக்கு. போனாலும் போகாவிட்டாலும் மாதம் பிறந்தால் அவர்களே வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். வங்கியில் சொல்லி 8 வாரத்துக்குள் அதைத் திரும்ப வாங்கலாம். ஆனால் பணம்தான் திரும்பும், ஒப்பந்தம் அசையாது. பின்னாலேயே நினைவூட்டல் கடிதம் வரும். அதற்கும் மசியாவிட்டால் வசூல் கம்பெனி. அவர்களும் வாசலில் வந்து சத்தம் போடமாட்டார்கள். 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கிக் கடிதம்தான் போடுவார்கள்.

'மௌனம் சம்மதம்' என்பதை நாம் பெண் பார்க்கப் போன இடத்தோடு விட்டுவிட்டோம். இங்கே முன்பு அதை ஜிம்முக்கும் கொண்டுவந்திருந்தார்கள். 24 மாதம் முடியும்போது வாயைத் திறக்காவிட்டால் இன்னொரு வருஷம்வரை தானாக நீளும். வேண்டாம் என்பதையும் மூன்று மாதம் முன்பே சொல்லச் சொல்வார்கள். என் ஆபீஸில் ஒரு பெரியவர் தேதியைத் தவறவிட்டு ஒரு வருஷம் முழுக்கக் கட்டினாராம். இன்றைக்கும் யார் தோளிலாவது ஜிம் பையைப் பார்த்தால் அவர் முகம் கறுத்துவிடுகிறது.

2022 மார்ச் 1 முதல் போடும் ஒப்பந்தங்களுக்குச் சட்டத்தை மாற்றினார்கள். முதலில் ஒப்புக்கொண்ட காலம் முடிந்துவிட்டால், ஒரு மாத நோட்டீஸில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதே வருஷம் ஜூலையிலிருந்து, இணையத்தில் ஆள் சேர்க்கிறவர்கள் விலகுவதற்கும் இணையத்திலேயே ஒரு பட்டன் வைத்தாக வேண்டும். பட்டன் இல்லையா? நோட்டீஸே இல்லாமல் விலகிக்கொள்ளலாம். ஒரு பட்டனுக்காக நாடாளுமன்றத்தில் சட்டம் போட்ட தேசம் இது!

எங்கள் ஜிம்மும் பட்டன் வைத்திருந்தது. கண் டாக்டர் கடைசியாகப் படிக்கச் சொல்லும் வரி இருக்கிறதே, அந்த அளவில். தேடிப் பிடித்து அழுத்தினேன். ஆபீஸில் ஒருவருக்கும் திருப்தியில்லை. "பதிவுத் தபாலில் போட்டாயா? ரசீதை ஃபைலில் வைத்தாயா?" என்று துளைத்தார்கள். அவர்கள் மன நிம்மதிக்காக அதையும் செய்தேன்.

வேலை உல்முக்கு மாறிவிட்டதே, அதைச் சொல்லி உடனே விலகக் கூடாதா என்பீர்கள். கூடாது. ஹானோவரில் ஜிம்மில் சேர்ந்த ஒருவர் பிறகு ராணுவத்துக்குப் போனார். கொலோன், கீல், ராஸ்டாக் என்று ஊர் ஊராக அனுப்பினார்கள். அவர் விலகப் பார்க்க, வழக்கு கார்ல்ஸ்ரூவே நகரிலுள்ள உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. ஊர் மாறுவது உங்கள் பாடு, பாக்கியைக் கட்டுங்கள் என்று 2016 மே மாதம் தீர்ப்பாயிற்று. பட்டாளத்துக்காரருக்கே அந்தக் கதி! உடற்பயிற்சியே செய்ய முடியாத நோய் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் விடுவார்கள். நான் விலகப் பார்ப்பது தெரிந்ததிலிருந்து ஆபீஸில், "முதுகுவலி ஏதாவது உண்டா?" என்று ஆவலோடு விசாரிக்கிறார்கள்.

பட்டனுக்கும் தபாலுக்கும் சேர்த்து ஜிம்மிலிருந்து ஒரே பதில்: விலகுவது பற்றிப் பேச வேண்டும், போன் செய்யவும். செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, மரியாதைக்காகச் செய்தேன். எடுத்த பெண், எங்களிடம் என்ன குறை கண்டீர்கள் என்று சம்பந்தி வீட்டார்போல் கேட்டார். இரண்டு மாதம் இலவசம் என்றார். இவ்வளவு பிரியமாகப் பேசுகிறவரிடம் முடியாது என்று சொல்ல நமக்கு வருமா? "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். தென்காசியில் அதோடு பேச்சு முடிந்திருக்கும். அவர், எந்தத் தேதிக்குள் யோசித்து முடிப்பீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஒருவழியாக உறுதிக் கடிதம் வந்துவிட்டது. விலகல் ஏற்கப்பட்டது; ஆனால் 24 மாதமும் முடிந்த பிறகு, அடுத்த வருஷக் கோடையில்தான். அதுவரை என்னை ஆவலோடு எதிர்பார்க்கிறார்களாம்.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், மீதி மாதங்களை வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று போட்டிருக்கிறது. தம்பி அக்டோபரில் மேற்படிப்புக்கு ஸ்டுட்கார்ட் வருகிறான் அல்லவா? வெளிநாடு போய் அண்ணன் என்னத்தைச் சேர்த்தான் என்று இனி யாரும் கேட்க முடியாது. அவன் பெயரில் ஒரு ஜிம் எழுதிவைக்கிறேன். இதை அவனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். முதலில் விசா கைக்கு வரட்டும்.



இப்படிக்கு,
உங்கள் அன்பு அண்ணன் மகன்