கேள்வி – பதில்: வலையின் எடையா, மீனின் எடையா?

திருகோணமலையில் மீனோ சீமெந்தோ மாவோ, எதை ஏற்றி இறக்கினாலும் கணக்கு கடைசியில் ஒரு திரையில் வந்து நிற்கிறது. அந்தத் திரை எந்த மொழியில் பேச வேண்டும் என்பதே இம்முறை வந்த கேள்விகள் எல்லாம்.

எங்கள் மீன் கம்பனியின் டாஷ்போர்ட் முழுக்க இங்கிலீஷ். சிவப்பு என்றால் கூடாது, பச்சை என்றால் நல்லது. இது எல்லாருக்கும் விளங்கும்தானே, பிறகு எதற்குத் தமிழும் சிங்களமும்? (கொட்பே)

ஏதோ பிழை என்று மட்டும்தான் சிவப்பு சொல்லும். ஐஸ் பிந்தியதால் மீன் பழுதானதா, தராசில் குறைத்துப் பதிந்தார்களா, லொறி பேலியகொடைச் சந்தைக்கு நேரம் தப்பிப் போனதா? தலைப்பை வாசிக்கத் தெரிந்தவர்தான் இதைக் கேட்பார். மற்றவர் தலையாட்டிவிட்டுப் போவார். மூதூர்க்காரர் ஐஸ் போடுகிறார், கிண்ணியாக்காரர் நிறுக்கிறார், சேருவிலக்காரர் லொறி ஓட்டுகிறார் என்று வையுங்கள். கணக்கில் பிசகு இருந்தால் முதலில் பிடிக்கக்கூடியவர்கள் இந்த மூவரும்தான். அவர்களுடைய கண்ணை மூடிவிட்டு உங்கள் கண்ணால் மட்டும் கம்பனியைப் பார்ப்பது உங்களுக்கே நட்டம்.

தனியார் கம்பனி மூன்று மொழியிலும் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? (உவர்மலை)

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி என்றது. அடுத்த ஆண்டு 16ஆவது திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் எந்த மொழி எங்கே என்பதை விரித்து எழுதியது. இவை கட்டுப்படுத்துவது அரசை. கச்சேரியில் தமிழில் எழுதித் தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை; உங்கள் கம்பனியின் உள்திரை வரை இந்த ஏற்பாடுகள் வருவதில்லை.

2012 ஜனவரியில் மும்மொழி இலங்கைக்கான பத்தாண்டுத் திட்டத்தைத் தொடக்கிவைக்க அப்துல் கலாம் கொழும்புக்கு வந்தார். பத்தாண்டு கடந்துவிட்டது, அறிவிப்புப் பலகைகளின் எழுத்துப் பிழைகள் இன்னும் கடக்கவில்லை. பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கான இருக்கைக்கு மேல் ‘தா’ வரவேண்டிய இடத்தில் ‘நா’ விழுந்த படம் நாடெங்கும் சுற்றியது. பிழைத்தது ஓர் எழுத்து, பட்ட அவமானம் அந்த இருக்கைக்கு வந்த பெண்ணுடையது. சட்டம் பலகையை மாட்டச் சொல்லும். மாட்டுவதற்கு முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டும் அக்கறை நம்மிடம் இருக்க வேண்டும்.

தலைப்புகளை மொத்தமாக மெஷினில் போட்டு மொழிபெயர்த்தேன். ‘வெசல்’ பாத்திரமாகவும் ‘நெட் வெயிட்’ வலை எடையாகவும் வந்துவிட்டன. (சீனன்குடா)

பாத்திரத்தால் ஆபத்தில்லை. துறைமுகத்தில் பாத்திரம் நங்கூரமிட்டிருக்கிறது என்றால் எல்லாரும் சிரித்துத் திருத்திவிடுவார்கள். மீன் கம்பனியில் ‘வலை எடை’ என்று வந்தால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வராது. வலையை நிறுத்துப் பதிந்துவிடுவார்கள்.

ஒற்றைச் சொல்லைத் தனியே நீட்டினால் மனிதரும் இப்படித்தான் தடுமாறுவார். ‘டிராஃப்ட்’ என்றால் கப்பல்காரருக்கு நீருக்குள் அமிழும் ஆழம், கந்தோரில் இருப்பவருக்கு முதல் வரைவு, வங்கியில் காசு. ஆகவே ஒவ்வொரு தலைப்புக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: எந்தத் திரை, எதை எண்ணுகிறது, என்ன அலகு, யார் பார்ப்பது. மெஷின் தந்ததை எடுத்துக்கொண்டு தராசடிக்குப் போய், அங்கே நிற்பவர் இதை எப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். ‘பெட்டி கழித்த நிறை’ என்றாரானால் அதையே போடுங்கள். அகராதிச் சொல்லைவிட அது நல்ல தமிழ் என்பது என் தீர்ப்பு. சிங்களத்துக்கும் அதே தராசடியில் சிங்களம் பேசுபவரைக் கேளுங்கள்.

தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு ஒன்று என மூன்று டாஷ்போர்ட் செய்துவிட்டேன். சரிதானே? (திருமலை நகர்)

உழைப்பு பெரிது, தம்பி. ஆனால் ஒரு கணக்கைத் தமிழ்ப் பிரதியில் திருத்திவிட்டுச் சிங்களப் பிரதியில் மறந்தால், அடுத்த கூட்டத்தில் ஒரே மீன் இரண்டு நிறையில் வரும். வெறும் கூட்டல் பிழை மொழிச் சண்டையாக மாற இந்த மாவட்டத்தில் நெடுநேரம் ஆகாது. டாஷ்போர்ட் ஒன்றே இருக்கட்டும், பெயர்கள் மட்டும் மாறட்டும்.

பவர் பிஐ பாவிக்கிறீர்கள் என்று வையுங்கள். அட்டவணை, நிரல், கணக்கீடு ஆகியவற்றின் மொழிபெயர்த்த பெயர்களைத் தரவு மாதிரிக்குள்ளேயே சேர்க்கலாம். பார்ப்பவரின் மொழியமைப்புக்கு ஏற்ப அவை மாறும். நீங்கள் கையால் தட்டிய தலைப்பும் பொத்தான் எழுத்தும் தாமாக மாறமாட்டா. அவற்றைத் தனி அட்டவணையில் ஒரு குறியீடு, மூன்று பெயர் என்று வைத்து, ‘யூசர்கல்ச்சர்’ என்ற செயற்பாடு சொல்லும் மொழிக்கு ஏற்ப எடுக்க வேண்டும். பெரும்பாலானோர் முதல் வேலையை முடித்துவிட்டு, பாதித் திரை ஏன் இன்னும் இங்கிலீஷில் நிற்கிறது என்று தேடுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது வேலை தரவுக்குள் இருக்கிறது. சீனன்குடா, சீன வராய, சைனா பே மூன்றும் ஒரே ஊர் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அறுக்குளாவும் தோராவும் ஒரே மீன் என்பதும் தெரியாது. அது இரண்டு மீனாகப் பிரித்து இரண்டு மொத்தம் காட்டும். பதிவில் குறியீட்டை எழுதுங்கள், பெயரைத் திரையில் காட்டுங்கள். ஒரு மொழியில் பெயர் இன்னும் கிடைக்கவில்லையா? வெற்றிடம் விடாமல் இருக்கிற மொழியில் காட்டுங்கள்.

பழைய கணக்கெல்லாம் பாமினி எழுத்துருவில். டாஷ்போர்டில் கோணல் மாணலாக இங்கிலீஷ் எழுத்து வருகிறது. (மூதூர்)

பாமினியில் தட்டிய ‘அம்மா’ கம்ப்யூட்டருக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கிறாள். அவளுக்குத் தமிழ் உடுப்பு அந்த எழுத்துரு மட்டும். டாஷ்போர்டில் இணைக்க முன் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். கணினித் தமிழுக்கான இலங்கைத் தரநிலை எஸ்எல்எஸ் 1326 வந்தது 2008இல். மாற்றும்போது கொம்பைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிகிறபடியே பாமினி கொம்பை எழுத்துக்கு முன்னால் வைக்கும், யூனிகோட் பின்னால் வைக்கும். ‘கொட்பே’ என்ற ஊர்ப்பெயர் நல்ல சோதனை: அதில் ‘கொ’வும் இருக்கிறது, ‘பே’யும் இருக்கிறது.

தமிழ்த் தலைப்பு பெட்டிக்குள் அடங்கவில்லை. சுருக்கவா? (நிலாவெளி)

பெட்டியைப் பெருப்பியுங்கள், தங்கச்சி. நிற்கும் பட்டை வரைபடத்தைப் படுக்கவைத்தால் பெயருக்கு இடம் கிடைக்கும். வரி உயரத்தையும் கூட்டுங்கள். விசிறியும் சுழியும் வெட்டுப்பட்டால் ‘மி’யும் ‘ம’வும் ஒன்றாகிவிடும்.

இலட்சமா, மில்லியனா? (கந்தளாய்)

இந்தியத் தமிழ் அமைப்பு 12,34,567 என்று பிரிக்கும். நம் கணக்காளர் எழுதுவது 1,234,567. மொழியை மாற்றும்போது காற்புள்ளி இடம் மாறாமல் பூட்டிவையுங்கள்.

திரையில் தமிழ் மேலேயா, சிங்களம் மேலேயா? (குச்சவெளி)

பார்ப்பவர் எதைத் தெரிவு செய்கிறாரோ அது. தெரிவுப் பொத்தானில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் சொந்த எழுத்திலேயே எழுதுங்கள். கொடிப் படம் வேண்டாம்.

எங்கள் கடை சிறியது, நாலு பேர்தான். எங்கே தொடங்க? (கிண்ணியா)

சம்பளம் எந்த எண்ணைப் பார்த்துக் கணக்காகிறதோ, அந்த எண்ணில். நாட்கூலியோ, கிலோவுக்கு இவ்வளவு என்பதோ, அந்த ஒரு பெட்டியின் தலைப்பு, அலகு, திகதி மூன்றையும் நால்வரும் வாசிக்கும் மொழிகளில் போடுங்கள். தனித்தனியே காட்டி என்ன விளங்குகிறது என்று கேளுங்கள், விளங்காததை அன்றே மாற்றுங்கள். மற்றப் பெட்டிகள் மெல்ல வரட்டும். கூலிக் கணக்கை மட்டும் அடுத்த சம்பள நாளுக்கு முன் முடித்துவிடுங்கள்.